கழுவாத காளான்

மார்ச் 3, ஞாயிறு
வீட்டுக் கணக்கை எழுதி முடித்த கையோடு இதையும் எழுதிவிடுகிறேன். நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து இவருக்கு ஆட்டுக்கறி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்கறி வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார். "காத்தாட நடந்துட்டு வரேன்." நடப்பது தன் தம்பி வீட்டுக்கு. அங்கே ஞாயிறென்றால் கறி. தம்பி மனைவியிடம் சொல்லியும் பார்த்தேன். "வாரத்துல ஒரு நாள்தானேக்கா" என்கிறாள். இன்று சட்டையெல்லாம் மசாலா வாசனை. கேட்டால், "மோந்து மட்டும்தான் பார்த்தேன்" என்கிறார். இந்த மனுஷனைப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

மார்ச் 5, செவ்வாய்
கடையில் உள்ளங்கை அகலத்துக்குக் காளான். ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான். தொட்டுக்கொள்ள அல்ல, தட்டின் நடுவில்.

மார்ச் 10, ஞாயிறு
தோல்வி. மூன்று தண்ணீரில் கழுவாமல் நான் எதையும் அடுப்பில் ஏற்றியதில்லை. சுத்தமில்லாத சாப்பாட்டுக்குக் கடவுளிடம் எப்படிக் கைகூப்பி நன்றி சொல்வது? காளானையும் ஊறவைத்துக் கழுவினேன். உப்பையும் முதலிலேயே போட்டேன். வாணலியில் குளம் கட்டிவிட்டது. "என்னடி இது, ஈரச் செருப்பை மெல்லற மாதிரி இருக்கு?" சிரித்துக்கொண்டே காற்றாடப் போய்விட்டார். சிரிப்பு வேற! நான் அழுது என்ன ஆகப்போகிறது? விடமாட்டேன்.

மார்ச் 14, வியாழன்
ஒன்றைக் கழுவினேன். இன்னொன்றை ஈரத்துணியால் துடைக்க மட்டும் செய்தேன். கழுவியது அவிந்தது, துடைத்தது வறுபட்டது. பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் சங்கதி. கழுவாததை வாயில் வைக்கக் கூசியது. கடவுளே, மண்ணிலிருந்து நீ கொடுத்ததுதானே என்று கண்ணை மூடிக் கடித்தேன். மென்று தின்ன நன்றாக இருந்தது.

மார்ச் 15, வெள்ளி
கிளறவே கூடாது. என் கைக்குத்தான் இது கஷ்டம்.

மார்ச் 17, ஞாயிறு
காம்பைத் திருகி எடுத்து, துடைத்து, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு கவிழ்த்து வைத்தேன். அமுக்கிப் பிடிக்க மேலே கனமான இரும்புச் சட்டி. கை பரபரத்தது — தொடவில்லை. சிவந்ததும் திருப்பிப் போட்டுக் கொஞ்சம் எண்ணெய், பூண்டு, மிளகு. உப்பு கடைசியில். ஆளுக்கு இரண்டு.

விரலால் அமுக்கிப் பார்த்தார். "இன்னிக்கும் செருப்பா?"

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். இரண்டும் போனது. பிறகு என் தட்டைப் பார்த்தார். எனக்கும் பசி, பாதி மட்டும் வெட்டி அவர் தட்டில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி போன் செய்தாள். "என்னக்கா, மாமாவ இன்னும் காணோம்? கறி ஆறுது."

போனை இவரிடமே நீட்டினேன். மென்றுகொண்டே சொன்னார்: "நீங்க சாப்பிடுங்கம்மா. இன்னிக்கு என்னால எழுந்திரிக்கவே முடியாது."