ஆணியில் தொங்கும் சிவப்புக் கயிறு

அக்கா வீட்டில் இருப்பவளுக்கு,

நீ போன மறுநாளிலிருந்து படகு எஞ்சின் கிளம்பவில்லை. உன்னை வரவழைக்க நான் போடும் சாக்கு என்று நினைக்காதே.

பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். பொறி வருகிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, ஒருவர் குனிந்து பார்க்க. உன் கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்து நானே இழுத்தேன். பொறி வரவில்லை. என் மூஞ்சிதான் தெரிந்தது, சகிக்கவில்லை.

பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் கெட்டுப் போயிருக்கும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். புதிது வாங்க வழியில்லை என்பது உனக்கே தெரியும். ஐந்தாம் நாள் வெட்கத்தை விட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தச் சிவப்புக் கயிறு கிளிப்பை சுவிட்சுல மாட்டினீங்களா? அது இல்லாம பொறி எப்படிண்ணே வரும்?" என்றான்.

தினமும் நீ அதை மாட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டுவாய். நான் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும் என்ற உன் பயம், அவ்வளவுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "படகுல உனக்கு என்ன வேலை?" என்று நீ கிளம்பிய அன்று கேட்டேனே, அதற்குப் பதில் சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளிப்பை மாட்டினேன். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மறுமுனையை ஒற்றைக் கையால் கட்ட வரவில்லை. பல்லால் இழுத்தும் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, கயிற்றை மறுபடி ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் வீட்டுக்காரன்