துரை வீட்டுச் சுவருக்கு ஒரு கடல்

ரந்தாவ், மலாயா,
16 மே 1954

அன்புள்ள ஆக்னஸுக்கு எட்வர்ட் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்த வீட்டில் அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். நலமே. நீயும் இசபெலும் நாகப்பட்டினத்தில் சுகமாக இருப்பதாக உன் அண்ணன் எழுதியிருந்தார். நீ எழுதவில்லை. கை வலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி இரண்டு வரிசையாகிவிட்டது. மாலையானால் வாசலைப் பூட்டிவிடுகிறார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் உள்ளே வர முடியாது; நாங்கள் வெளியே போக முடியாது. இரு தரப்புக்கும் சமமான ஏற்பாடு. சோற்றைப் பொது அடுக்களையில் வடித்தே தருகிறார்கள். அரிசியாகக் கொடுத்தால் காட்டுக்குப் போய்விடுமாம். இந்தச் சோறு காட்டுக்குப் போனால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் கருத்து.

இனி முக்கியச் செய்தி. நான் ஒரு கடல் வரைந்தேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு நான் வரைந்த பின்திரையைத் துரை பார்த்திருக்கிறார். கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னை ஆபீசில் கூப்பிட்டு, துரைசானி இங்கிலாந்திலிருந்து வருகிறார், சாப்பாட்டு அறைச் சுவருக்கு ஒரு கடல் வேண்டும் என்றார். எவ்வளவு பெரிய கடல் என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். நீங்கள் கப்பலேறக் காரணமான அந்தத் துப்பாக்கிச் சூட்டில் அங்கே மூன்று ஓட்டைகள் விழுந்திருந்தன. அடைக்கச் சொன்னால், சாலையில் சுடுவார்கள் என்று பயந்து கொத்தனார் வர மறுக்கிறாராம். மூன்றையும் மூடும் அளவுக்குக் கடல் இருந்தால் போதும், படகு மட்டும் வேண்டாம், பார்த்தால் ஊருக்குத் திரும்பும் எண்ணம் வரும் என்றார். ஓவியத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான கருத்துள்ளவரை நான் சந்தித்ததில்லை.

முன்பிருந்த சின்னத் துரை விட்டுப்போன எண்ணெய் வண்ணக் குழாய்கள் கிடைத்தன: வெள்ளை, கறுப்பு, மண்மஞ்சள், சிவப்பு. நீலத்தை அவரே தீர்த்துவிட்டிருந்தார். அவருக்கு வானம் பிடிக்கும். நீலம் வேண்டுமென்று சிரம்பான் டவுனுக்குச் சொல்லியனுப்பினேன். துணிக்குப் போடும் நீலம் வந்தது. என் சட்டைகள் வெளுத்தன.

பார்த்து வரையலாம் என்றால் போர்ட்டிக்சன் பக்கம்தான்; ஆனால் கடல் பார்க்கவென்று கேட்டால் பாஸ் தருவதில்லை. நினைவிலிருந்து வரையலாம் என்றால், நான் கடைசியாகக் கடலருகே நின்றது உங்களைக் கப்பலேற்றிய அன்று. அன்று நான் கடலைப் பார்க்கவில்லை.

கறுப்பையும் வெள்ளையையும் குழைத்துப் பலகை முழுக்கப் பூசினேன். மண்டோர் வீரமுத்து எட்டிப் பார்த்து, "என்ன கிராணியாரே, பால்ல இம்புட்டுத் தண்ணி கலந்திருக்கு? பால் வெட்டுறவன் கொண்டாந்திருந்தா வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பேன்லா" என்றார். தினமும் ரப்பர் பால் நிறுப்பவர், வேறென்ன தோன்றும். பிறகு மஞ்சளும் சிவப்பும் கலந்து கீழே மணலைத் தீட்டினேன். மணல் சூடேற ஏற, பக்கத்திலிருந்த சாம்பல் நிறம் குளிர்ந்து நீலமாகத் தெரிந்தது. கடலை நான் தொடவேயில்லை. வீரமுத்து மறுபடி வந்து, "நீலம் எப்ப வாங்குனீங்க? எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே!" என்று கோபித்துக்கொண்டார். நீலம் இல்லாமலே கடல் வந்துவிட்டது. இதைச் சொல்ல வீட்டுக்கு வேகமாக நடந்து வந்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது.

துரைசானி போன வாரம் வந்து சேர்ந்தார். நடந்ததைத் துரை வீட்டுச் சமையல்காரர் அமிர்தலிங்கம் சொன்னார். படத்தை மிகவும் பாராட்டினாராம். எதிர்ச் சுவரில் வெளிச்சம் நன்றாக விழும் என்று தம் கையாலேயே கழற்றி எடுத்துப்போனாராம். வெளியே தெரிந்த ஓட்டைகளை ஆணி அடித்த இடம் என்று துரை சொல்லியிருக்கிறார். துரைசானி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, பெரிய ஆணிதான் என்றாராம். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாராம். பெட்டிகளைப் பிரித்து அடுக்கிவிட்டார். இருக்கிறார்.

நம் வீட்டு முன்கதவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன்மேல் நான் எதையும் மாட்டவில்லை. காலையில் அதன் வழியே காசளவு வெயில் உள்ளே வந்து, இசபெலின் கட்டில் வரை போகிறது. சென்ற மாதம்கூடத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் சுட்டார்கள். யாருக்கும் காயமில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ திரும்பி வருவதற்கான அனுமதி ஆகஸ்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு மலாயா உன்னை யாரென்று கேட்கும். பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் வா என்று எழுதக் கை வரவில்லை.

இசபெலுக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஜெபிக்கும்போது மூன்று பேர் என்று சொல்.

அங்கே கடையில் நீல வண்ணக் குழாய் கிடைத்தால் ஒன்று வாங்கு. தபாலில் போட வேண்டாம், நசுங்கிவிடும். கையோடு கொண்டு வந்தால் போதும். நீலம் இல்லாமலே கடல் வந்துவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டுப் படி.

உன்
எட்வர்ட்