பாஞ்ச்கனியில் இரண்டு நாள் நிம்மதி

என் அம்மாவுக்கு,

பாஞ்ச்கனியில் இரண்டு நாள் தங்கிவிட்டு நேற்றுதான் விமான் நகர் வீட்டுக்குத் திரும்பினேன். தங்கினது உன் தம்பியின் பங்களாவில். மாமா போன பிறகு அத்தை அதை ஹோட்டலாக்கிவிட்டாள், உனக்குத் தெரியாது. எட்டே அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்.

உன் மருமகன்தான் கம்ப்யூட்டரில் விளம்பரத்தைக் காட்டி, சனி ஞாயிறு ஓய்வாக இருந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். வீட்டு எஜமானியே வாசலில் ஆரத்தி எடுத்து விருந்தாளிகளை வரவேற்பாராம். தாலி இழந்த அத்தைதான், அம்மா. எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே அறை போடச் சொன்னேன்.

அதே வாசலில்தானே உன்னைத் தடுத்தாள்? தொண்ணூறுகளில், அவள் மகன் கல்யாணத்தன்று. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு நீ அத்தை, ஆரத்தி உன் உரிமை என்று தட்டை எடுத்தாய். "மதினி, நீங்க உள்ள போயிருங்க. போட்டோல விழ வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். உன் தம்பி காதில் விழாதவர் மாதிரி நின்றார். நீ பின்கட்டில் டெம்போ டிரைவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். சாகிறவரை அதைப் பற்றி நீ பேசவேயில்லை. யாருக்காக அம்மா பொறுத்தாய்?

சனிக்கிழமை நாங்கள் காரை விட்டு இறங்கியபோது அத்தை பட்டுச் சேலையில் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன, நல்லதாகப் போயிற்று.

"சுமங்கலி யாராவது இருந்தா எடுக்கச் சொல்லுங்க, அத்தை" என்றேன். தமிழில் சொன்னால் மற்றவர்களுக்குப் புரியாதே என்று இந்தியிலும் ஒரு தரம் சொன்னேன்.

கருகமணித் தாலி போட்டிருந்த ரிசப்ஷன் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

இந்தச் சாத்திரத்தை நீ நம்பியதில்லை, நானும் நம்புகிறவளில்லை. என் வாயில் இப்படி ஒரு பேச்சா என்று நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். நான் பகலெல்லாம் தூங்கினேன். ஸ்ட்ராபெரித் தோட்டத்தைப் பார்த்தபடி இரண்டு தட்டு அவல் போஹா சாப்பிட்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

கிளம்பும்போது அத்தை கார் வரைக்கும் வந்தாள்.

"மதினி அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"அதான் நான் வந்தேன்."

அழுதாள். நீயாக இருந்தால் அணைத்துக்கொண்டிருப்பாய். நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

தை மாதம் உன் பேத்திக்குக் கல்யாணம். அத்தையை நேரில் போய் அழைப்பேன். மேடையில் என் பக்கத்திலேயே நிறுத்துவேன், ஒரு போட்டோ விடாமல். மன்னித்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொள்ளட்டும். ஆல்பத்தின் ஒரு பிரதி அவளுக்கும் போகும். உன் இடத்தில் தான் நிற்பதை அவள் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விடமாட்டேன், அம்மா.

பொறுத்துப்போவதை மட்டும் உன்னிடம் கற்றுக்கொள்ளாத
உன் மூத்த மகள்