ஒரு இஞ்ச் தூக்கி நிறுத்து

5 பிப்ரவரி 1989, ஞாயிறு

ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் யோகா வகுப்பு, மூன்றாவது வாரம். என் மனைவி வடிவு முதுகுவலிக்காக வருகிறாள், நான் தொப்பைக்காக. டீச்சர் தாட்சாயிணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எந்த ஆசனம் என்றாலும் நாற்காலி, மடித்த போர்வை, செய்தித்தாள் சுற்றிய செங்கல். யோகா செய்கிறோமா, வீடு காலி பண்ணுகிறோமா? வடிவு என் பழைய ஃபேக்டரி பேண்டைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் காலை வைத்து மகாராணி மாதிரி படுத்திருக்கிறாள். நான் இந்த முட்டுக்கொடுக்கும் சாமான் எதையும் தொடவில்லை. கிரேன் ஷெட்டுக்கே சார்ஜ்மேன். எனக்கு எதற்குச் செங்கல்?

12 பிப்ரவரி

ஆகஸ்ட் பதினைந்து விழாவில் சிரசாசனம் யார் என்று கேட்டார்கள். நடு மேடையில், சுவர் இல்லாமல் — கங்காதரன் என்று என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் தோளுக்கு பலம் வரட்டும், ஆறு மாதம் போதுமா பார்க்கலாம் என்றார் டீச்சர். ஆறு மாதமா? தலைகீழாக நிற்பதென்ன பட்டப்படிப்பா?

19 பிப்ரவரி

வடிவு திருமுல்லைவாயிலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பீரோவை ஒட்டித் தலையை ஊன்றி ஒரே உதை. கால் மேலே போனது. போனது, நிற்கவில்லை. பீரோக் கண்ணாடி சுக்குநூறு. கழுத்து — ஐயோ.

20 பிப்ரவரி

கழுத்தில் பட்டை. எலும்பு தப்பித்தது. ஆறு மாதம் தலையில் எடை ஏறக்கூடாது என்றார் டாக்டர். ஷெட்டில் கேட்டவர்களிடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவைத்தேன். வடிவு ஒன்றும் கேட்காமல் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

4 மார்ச்

ஃபேக்டரியில் பாதுகாப்பு தினம். வருடா வருடம் பேசுவது நான்தான். கழுத்துப் பட்டையோடு ஏறி நின்று, "சங்கிலிக்கும் சாமானுக்கும் நடுவுல கட்டை வை. ஒரு இஞ்ச் தூக்கி நிறுத்து. பாரு. அப்புறம் மேலே தூக்கு" என்றேன். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் கத்துகிறேன். இன்று சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கிரேன் ஓட்டும் பால்ராஜ் எழுந்தான். "அண்ணாத்தே, ஸ்கூட்டர்ல ஒரு கீறல்கூட இல்லியே, எப்டி?"

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

9 ஏப்ரல்

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். இப்போதைக்கு நாற்காலியில் கால், தலைக்கடியில் போர்வை, அவ்வளவுதான். மானம் போகிறது. முதுகுக்கு சொர்க்கமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

2 ஜூலை

வடிவு சுவரோரம் தலைகீழாக நின்றுவிட்டாள். என் பேண்டில்! "ஒரு இஞ்ச் காலைத் தூக்கி நிறுத்துங்க அக்கா. சரியா இருக்குதுங்களா? அப்புறம் மேலே போங்க" என்றார் டீச்சர். எங்கேயோ கேட்ட பேச்சு. என் பேச்சேதான். இதைத்தான் என் கழுத்துக்கு நான் சொல்ல மறந்தேன்.

பொறாமை. ஆனால் ஆகஸ்ட் பதினைந்துக்குள் என் கழுத்து ஆறப்போவதில்லை. சாயங்காலம் கிளப்புக்குப் போய், விழாப் பட்டியலில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினேன்.

15 ஆகஸ்ட்

மேடையில் போர்வையை நானே மடித்துப் போட்டேன். சுவருக்குப் பதில் அவள் பின்னால் நான். வடிவு ஏறினாள், தலைகீழாக நின்றாள். மைக் பிடித்திருந்த பால்ராஜ் கிட்டே வந்து, "உன் பேருதான லிஸ்ட்ல கீதுன்னு சொன்னாங்க, அண்ணி நிக்குது?" என்றான். ஆறு மாதமாக மறைத்தது வெளியே வந்துவிட்டது. "ஸ்கூட்டர் இல்லடா. பீரோ. முட்டு வேணாம்னு திமிர் புடிச்சி உதைச்சி வுழுந்தேன்."

மைக் அணைந்திருக்கவில்லை. கூட்டம் அதிர்ந்தது. தலைகீழாக இருந்தவளும் குலுங்க ஆரம்பித்தாள். என் இரண்டு கைகளும் தானாகப் போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டன. அவள் நிதானமாக ஒவ்வொரு காலாக இறக்கி, மூச்சு வாங்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அன்னிக்கு நான் கண்ணாடி பெருக்கசொல்லோ இத சொல்லியிருக்கலாம்ல? நீ எப்பத்தான் சொல்லுவேன்னு பாத்துகினே கீறேன்."

3 செப்டம்பர்

டாக்டர் சரி என்றார். சுவர், போர்வை, பக்கத்தில் டீச்சர், பின்னால் வடிவு. ஒரு இஞ்ச் தூக்கினேன். வடிவு பத்து எண்ணினாள். இறக்கிவிட்டேன்.