போர்வைக்குள் மேஸ்திரி

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம், மூக்கு மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே?

இங்கே பூக்கிற காலம். புல் வெட்டப் போனால் மகரந்தம் ஏறி ஓயாத தும்மல். "இப்படியே தும்முனா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார் மேஸ்திரி. பயந்துபோய், நீ தந்த ஓமத்தைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடித்தேன். அதைப் புகை என்று நினைத்து அறையில் மாட்டியிருந்த அபாயமணி அலறிவிட்டது. விடுதியே தெருவில் நிற்க, நான் முக்காட்டோடு கல்யாணப் பெண் மாதிரி இறங்கி வந்தேன். அதே விடுதியில் தங்கியிருக்கும் மேஸ்திரி முறைத்தார், முறைத்தபடியே அவரும் தும்மினார்.

"என்னய்யா வாசனை அது? எனக்கும் கொஞ்சம் குடு."

இப்போது தினமும் வாசலில் சட்டி, ஒரே போர்வைக்குள் இருவரும். வேலை போய்விடுமோ என்ற பயமில்லை.

ஓமம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. உன் பழைய புடவைத் துணியில் முடிந்து அனுப்பு. ஏன் என்று கேட்காதே, தும்மல் வருகிறது.

உன் வீட்டுக்காரன்