வெர்னா பேர் சொல்லும் பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் ஹீட்டர், மதியம் ஏசி. மெல்பர்ன். வடக்குக் காற்று, மகரந்தம், மூக்கு ஒழுகல். மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாள் இன்று.

சாயங்காலம் லெஸ்டர் வந்தார் (இனி லெ.). ஞாயிற்றுச் சந்தையில் பழைய இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறும் இடத்தில் பழக்கம். அமெரிக்கக் கறுப்பர், எண்பது தாண்டியவர், இளவயதிலேயே இங்கே வந்துவிட்டவர். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் யூனிட் வீடு ஒன்றில் தனியாக. கையில் குளியல் துண்டில் சுற்றிய ஒரு பழைய 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று). அதை ஓட்டும் பிளேயர் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய அக்கா வெர்னா பாடிய ப்ளூஸ், அவர்கள் ஜனங்களின் சோகப் பாட்டு. பெரிய கம்பெனி இல்லை. ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் ஒரே மைக்கை வைத்துப் பதிந்து, லேபிளுக்குத் தன் மனைவி பெயரைப் போட்டு, கார் டிக்கியில் வைத்து விற்றாராம். ஆளாளுக்குச் சொந்தமாக ரெக்கார்டு போடத் தொடங்கிய காலம். விற்றது சொற்பம். தேடிப் பார்த்தேன், நெட்டில் ஒரு வரி கூட இல்லை.

முதல் பக்கம் காதல் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் ஆற்றுக்கு அக்கரையில் நின்றுகொண்டு தம்பி தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். பாடிய அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். வயது பத்தொன்பது. வீட்டில் இருந்த தட்டுகளையெல்லாம் அம்மா சுத்தியலால் உடைத்தாராம். லெ.வுக்கு அப்போது ஆறு வயது. பாட்டைக் கேட்டதே இல்லை.

இது அண்ணன் கிளைடின் அலமாரியில் ஒளிந்திருந்த தட்டு. கிளைடு போன மாதம் இறந்தார், மகள் அனுப்பிவைத்திருக்கிறாள். சாகுமுன் போனில் லெ.விடம் சொன்னாராம்: அவள் கூப்பிட்ட வரிசையில்தான் எல்லாரும் போனோம். ஆமோஸ், ரூபி, இப்போது நான். அதோடு போனை வைத்துவிட்டார். மிச்சம் இருப்பது லெ. மட்டும்.

"என் பேர் அதுல இருக்கா, கேட்டுச் சொல்லு. அதை நகல் எடுத்தும் குடு." (அவர் பேசுவது இங்கிலீஷ். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

சரி என்றேன். சரி என்றிருக்கக் கூடாது.

அக். 15, புதன்

வேலை வீட்டிலிருந்து. நாலு மீட்டிங், நாலும் வீண்.

தட்டைக் கழுவினேன். அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். வெறும் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற பிரஷ், லேபிள் நனையாமல். விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசல் ஒன்று. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது கொஞ்சம் நீளலாம். அகல ஊசி போட வேண்டும்.

முதல் பக்கம் மட்டும் ஓட்டினேன். விரிசலால் சுற்றுக்கு ஒரு டிக். அதைத் தாண்டி அந்தக் குரல். மைக்கைப் பார்த்துப் பாடவில்லை, பக்கத்து அறையில் யாரையோ பார்த்துப் பாடுகிறாள். பத்தொன்பது வயசுக்கு இவ்வளவு களைப்பு எங்கிருந்து வந்ததோ.

அக். 16, வியாழன்

இரண்டாம் பக்கம். ஓட்டியபடியே கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டேன்.

ஆமோஸ் பேரைச் சொல்லிப் பாட்டில் ஒரு வரி. ரூபிக்கு ஒன்று. கிளைடுக்கு ஒன்று. பிறகு கிட்டார் நின்றுவிடுகிறது. கால் தட்டுவது மட்டும் கேட்கிறது. பாட்டு முடிந்தது என்று நினைத்து ஊசியை எடுக்கப் போனேன். அப்போது, பாடாமல், பேசும் குரலில்: "லெஸ்டர், கண்ணே. தண்ணி ஜில்லுன்னு இல்ல, வா." கொஞ்சம் விட்டு மறுபடி, "லெஸ்டர்."

அவ்வளவுதான். பிறகு உள்வட்டத்தில் ஊசி உரசும் சத்தம்.

கை மயிர் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் மனைவி வசந்தி, கையில் அகப்பை. (அவள் யாழ்ப்பாணம், நான் திருச்சி. ஒரே வீட்டில் இரண்டு தமிழ். அவளுக்கு ‘உது’ என்றால் ‘அது’.)

"என்னப்பா இது? அந்தப் பெட்டை அறம் பாடிப்போட்டுச் செத்திருக்கிறாள். உதை அந்த மனுசனைக் கேக்க விடாதேங்கோ."

"சும்மா பாட்டும்மா."

"ஓம், பாட்டுத்தான். மூண்டு பேர் போயிட்டினம். உதை வீட்டுக்குள்ள வச்சிருக்கேலாது, அழிச்சுப்போடுங்கோ."

சிரித்தேன். ஆனால் விளக்கை அணை என்று கூடச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான். குளிர வை என்போம். கச்சேரி என்றால் மங்களம் பாடித்தான் முடிப்பார்கள். ஒரு கிழவரை, அதுவும் நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை, செத்த அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவதை நானே என் கையால் நகல் எடுத்துக் கொடுப்பதா?

பதிவைக் கிளைடின் வரி முடிந்த இடத்தில் வெட்டினேன். கிட்டாரை மெல்லத் தேயவிட்டு முடித்தேன். கச்சிதமான வேலை, யாருக்கும் தெரியாது. முழுசாகப் பதிந்த ஃபைலை அழித்துவிட்டேன்.

இரவு தூக்கம் நன்றாகவே வந்தது. அதுதான் ஆச்சரியம்.

அக். 18, சனி

லெ. வீடு. ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஆமோஸ் வந்ததும் சிரித்தார். ரூபிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கிளைடு முடிந்தது. காத்திருந்தார். பாட்டு நின்ற பிறகும் ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என் பேரு?"

"இல்லை லெஸ்டர். நீங்க இல்லை." நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு வேறு சொன்னேன். மடையன்.

ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தார்.

"அம்மா வேலைக்குப் போவா. என்னை இடுப்புல வச்சு வளர்த்தது வெர்னாதான். எல்லாரையும் கூப்பிட்டிருக்கா. என்னை மட்டும் மறந்துட்டா."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

கிளம்பும்போது தட்டை நீட்டினேன். "நீயே வச்சுக்கோ. எனக்கு எதுக்கு?"

அக். 19, ஞாயிறு

சந்தைக்கு லெ. வரவில்லை. அவர் வராத ஞாயிறு எனக்கு நினைவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. மாத்திரை வாங்கினேன். பால், கொத்தமல்லி மறந்துவிட்டேன்.

வசந்தியிடம் சொன்னேன். "நானும்தானே சொன்னனான்," என்றாள். பிறகு, "உந்தப் பாட்டைக் கேட்டு ஆள் போகாது போல. தன்ர பேர் உதில இல்லையெண்டுதான் போகப் போகுது."

அக். 20, திங்கள்

காற்று இன்னும் விடவில்லை. புல் மகரந்தம் மிக அதிகம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் வெளியே வராதீர்கள் என்று ரேடியோ.

மதியம் போய் மணி அடித்தேன். திறக்கவில்லை. பக்கத்து யூனிட் பெண்மணி, சனிக்கிழமையிலிருந்து திரை விலகவில்லை, வாசலில் வைத்த சூப் அப்படியே இருக்கிறது என்றாள். உள்ளே இருமல் கேட்டது. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நிம்மதி, அடுத்த நிமிஷமே பயம். கதவுக்கு வெளியே நின்று சொல்கிற விஷயமா இது? திரும்பி வந்துவிட்டேன். கோழை.

தட்டை எடுத்துப் பார்த்தேன். விரிசல் லேபிள் அருகே வந்துவிட்டது. இன்னும் எத்தனை ஓட்டு தாங்குமோ, அதில் ஒன்றை மறுபடி பதியச் செலவழிக்க மனமில்லை. வெர்னா அவர் பேரைச் சொல்லும் இடம் உலகத்தில் இப்போது இந்தத் தட்டில் மட்டும்தான். என் புத்திசாலித்தனம்.

அக். 21, செவ்வாய்

லீவு போட்டேன். பிளேயரைக் காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு வைத்தேன். தட்டு இரண்டு அட்டைக்கு நடுவில். வசந்தி இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தாள். "முதல்ல சாப்பிடச் சொல்லுங்கோ, பிறகு போடுங்கோ. போயிட்டு வாங்கோ."

இந்தத் தடவை விடாமல் மணி அடித்தேன். திறந்தார். சவரம் இல்லை, அதே சனிக்கிழமைச் சட்டை. உள்ளே வந்ததும் நின்றபடியே சொன்னேன். உங்கள் பேர் இருக்கிறது. நான் வெட்டிவிட்டேன். உங்களுக்கு ஆகாது என்று பயந்தேன்.

"நீ யாரு அதை வெட்ட?"

தட்டை ஏற்றினேன். விரிசலைக் காட்டி, பாதியில் உடைந்தாலும் உடையும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். சாப்பாடு பொட்டலத்திலேயே இருந்தது.

ஆமோஸ். ரூபி. கிளைடு. கிட்டார் நின்றது. கால் தட்டல். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

"லெஸ்டர், கண்ணே. தண்ணி ஜில்லுன்னு இல்ல, வா."

முகம் மாறியது. ஆறு வயசுப் பையன் முகம், வேறு எப்படிச் சொல்ல.

"லெஸ்டர்."

"இங்கதான் இருக்கேன், வெர்னா," என்றார், சத்தமாக, பக்கத்து அறைக்குச் சொல்வது மாதிரி. "வந்துட்டே இருக்கேன்."

எங்கள் திருச்சித் தெருவில், ஆளைக் காணாமல் பேர் கேட்டால் மூன்றாவது தடவை வரை வாயைத் திறக்கக் கூடாது, பேய் என்றால் மூன்றாவது தடவை கூப்பிடாது என்பார்கள். அவள் இரண்டு தடவைதான் கூப்பிடுகிறாள்.

ஊசியை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது, பிடியில் பலம் இருந்தது. அழுதுகொண்டே சிரித்தார்.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன்.