முப்பத்தொன்றாம் மிஷினுக்கு ஐம்பத்தெட்டு மார்க்

ஆடி 12, திங்கள்

காற்று. காலேஜ் லேப் கதவைத் திறந்தால் மேசையெல்லாம் மண். அறுபது கம்ப்யூட்டர், அறுபது கீபோர்டு. துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது.

சேலத்திலிருந்து நல்லதம்பி சார் என்று ஒருவர் வந்தார். கம்ப்யூட்டருக்கு மார்க் போடுகிறவர். இதற்கெல்லாமா மார்க்! அவர் புரோகிராம் ஒவ்வொரு மிஷினாக உள்ளே போய்ப் பார்க்குமாம். பாஸ்வேர்டு நீளமா, பென் டிரைவ் செருக முடிகிறதா, சும்மா விட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்கிறதா, வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா. எல்லாம் சரி என்றால் நூறு.

ஏசி ரூம் பெரிய பெட்டிக்குள் இன்னும் பதினான்கு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். உடம்பு கிடையாது. ஆனால் வேலை செய்யுமாம். அதற்கும் மார்க்.

"அதுக்கு நம்பர் ஸ்டிக்கர எங்கீங்க ஒட்டறது?" என்று கேட்டேன்.

"ஒட்ட முடியாதுங்கக்கா."

"தொடைக்கோணுமுங்களா?"

"வேண்டாங்க."

அந்த மட்டும் நிம்மதி.

ஆடி 22 இன்ஸ்பெக்‌ஷன். எல்லா மிஷினும் தொண்ணூறு தாண்ட வேண்டும். ஒன்று தோற்றாலும் லேப் தோற்றது என்றுதான் கணக்காம். லேப் இன்சார்ஜ் தேன்மொழி மேடம் சொன்னார், தோற்றால் லேபை வெளிக் கம்பெனியிடம் விட்டுவிடுவார்கள் என்று. அப்புறம் நான் எதற்கு? என் வீட்டுக்காரர் இறந்ததற்காகக் கொடுத்த வேலை இது. எட்டாவது படித்தவளுக்கு வேறு யார் கொடுப்பார்கள்?

பினாயில் தீர்ந்தது. துணி 4. எனக்கு இடுப்புக்குத் தைலம்.

ஆடி 13, செவ்வாய்

மார்க் லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. எல்லாம் எழுபது, எண்பது. கடைசியில் மி. 31. ஐம்பத்தெட்டு. சிவப்பு எழுத்தில்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

31 அவர் மிஷின். பதினாறு வருஷம் இந்த லேபைப் பார்த்துக்கொண்டவர். கார்த்திகையில் போனார். எனக்கென்று தனி லாகின் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு குறி, எவன் அடிப்பான். அவருடையது வண்டி நம்பர். எல்லாவற்றுக்கும் வண்டி நம்பர்தான் வைப்பார். காலை எட்டேகாலுக்கு அவர் பெயரில் திறப்பேன். குழந்தைவேல் என்று திரையில் வரும். அப்படியே விட்டுவிட்டு மற்றதைத் துடைக்கப் போவேன்.

பதினொன்றரைக்கு மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பும். "ஊட்டுக்குப் போன். மோட்டார்."

தினமும் பதினொன்றரைக்குப் போன் செய்வார். "சாப்ட்டயா? மோட்டார நிறுத்துனயா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். தானாக நினைத்துச் செய்கிறார் என்றே இத்தனை வருஷமும் இருந்தேன். மனுசனுக்கு மிஷின் ஞாபகப்படுத்தியிருக்கிறது! முதல் தடவை பார்த்த அன்று வந்த கோபத்துக்கு, இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு ராசாத்திக்கும் எங்களுக்கும் கூட்டு போர்வெல். பத்தரைக்கு மோட்டாரைப் போடுவாள், டிவி முன்னால் உட்கார்ந்தால் நிறுத்த மறப்பாள். கட்டம் வந்ததும் இப்போது நான் அவளுக்குப் போன் செய்கிறேன்.

ஆடி 15, வியாழன்

பெட்டிக்குள் இருக்கும் பதினான்கிலும் அவர் பெயர் இருந்ததாம். ஒரே அச்சில் வார்த்தது, அச்சில் இருந்தது எல்லாவற்றிலும் வந்துவிட்டது என்றார் நல்லதம்பி சார். அச்சில் அழித்தார், புதிதாக வார்த்தார். பதினான்கிலிருந்தும் போயிற்று. நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மற்ற மிஷின்களிலும் எடுத்துவிட்டார். 31 மட்டும் பாக்கி.

"இத அழிக்க மாட்டேங்க மேடம். யாரோ தெனமும் இதுல உள்ள வாராங்க. ஆருன்னு தெரியாம அழிச்சா என் தலை உருளும்."

"இறந்தவர் பேர்லயா?"

"எட்டேகாலுக்கு. ஒரு நாள் தப்பல. சனிக்கிழமைகூட."

வாட்ச்மேன் மாரப்பன் சிரித்தான். "நம்ம அண்ணன் லீவே போட மாட்டாரு மேடம். போய்ச் சேந்தும் டூட்டிக்கு வாராரு பாருங்க!" என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மிஷின் மேல், மாரப்பன் மேல், வண்டி நம்பரை வைத்த அவர் மேல்.

ஆடி 16, வெள்ளி

எட்டேகாலுக்குத் திறக்கக் கூடாது என்று போனேன். திறந்தேன்.

ஆடி 18, ஞாயிறு

ஊரே காவிரிக்குப் போகிறது. அவர் போய் வருஷம் திரும்பவில்லை, எங்களுக்கு எந்தப் பண்டிகையும் நோன்பும் இல்லை. புழுங்கல் அரிசி ஊறப்போட்டேன், ஆட்டவில்லை. தொட்டி கழுவினேன்.

ஆடி 19, திங்கள்

முடிந்தது கதை. பிரின்சிபால் ரூமில் சத்தம், எட்டேகாலுக்கு உள்ளே வருவது யார் என்று. காலையில் சாவி வைத்திருப்பது இரண்டு பேர், நானும் மாரப்பனும். என்னைக் கேட்கவே இல்லை. "அந்தம்மாவுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது." இப்படிச் சொன்னது மேடம். மாரப்பனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லப் போகிறார்களாம்.

அவனுக்கு இரண்டு பெண். கேட் பக்கம் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்குக் கம்ப்யூட்டர் ஆன் பண்ணவே தெரியாதுங்க்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சரி என்று வந்துவிட்டேன். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாதாம்.

ஆடி 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கே மேடம் வீட்டு வாசலில் போய் நின்றேன். கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"எட்டேகாலுக்கு வாரது நாந்தானுங்க."

முதலில் புரியவில்லை. அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சரசக்கா! அது அட்மின் லாகின். அதுல உக்காந்து மொத்தக் காலேஜையும் அழிக்கலாம், தெரியுமா?"

"நான் எதையும் அழிக்கலீங்க. தொறந்து வெப்பேன், அவ்ளதானுங்க."

"எதுக்கு?"

எதுக்கு என்று எப்படிச் சொல்வது? "பேரு வருமுங்க" என்றேன். திட்டப் போகிறார் என்று நின்றேன். "மாரப்பனுக்கு நான் சொல்லிக்கறேன். உள்ள வாங்க, காபி குடிச்சுட்டுப் போலாம்."

காபியில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஆடி 21, புதன்

பதினொன்றுக்கு நல்லதம்பி சார் 31 முன்னால் உட்கார்ந்தார். மேடம் எல்லாம் சொல்லியிருப்பார் போல, மனுசன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அழிச்சறலாங்களாக்கா?"

"பதினொன்னரை ஆகட்டுங்க."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து நாற்காலியில். இந்த லேபில் நாற்காலியில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். ஏசி சத்தம். கட்டம் எழும்பியது. "ஊட்டுக்குப் போன். மோட்டார்." படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத உங்க லாகினுக்கு மாத்திக் குடுக்கறனுங்க. தெனமும் இதே நேரத்துக்கு வரும்."

"வேண்டாங்க. எனக்கு எதுக்குங்க மிஷின் சொல்லோணும்? எனக்கா மறக்கும்?"

ராசாத்திக்குப் போன் செய்தேன். நிறுத்திவிட்டேன் என்றாள். அதற்கப்புறம் சார் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினார். மிஷின் நிஜமாகவா என்று ஒரு தடவை கேட்டது. அழுத்தினேன்.

மவுஸ் பிடிக்கத் தெரியாதாமே!

சாயங்காலம் லிஸ்ட். மி. 31, தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே என்றேன். "கடிகாரம் ரெண்டு நிமிசம் பிந்துதுங்க." அதுவும் அவர் புத்திதான், எங்கேயும் பிந்தித்தான் வருவார்.

ஆடி 22, வியாழன்

மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் மூன்று பேர். பஜ்ஜி தின்றார்கள், பச்சைக் கலர் லிஸ்டைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் பதினான்கைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் கேள்வி. அறுபதைத் துடைத்தவளை யாரும் கேட்கவில்லை. மேடம் கையைப் பிடித்து "பாஸ் பண்ணிட்டோம்க்கா" என்றார். மாரப்பன் எனக்கு ஒரு பஜ்ஜி எடுத்து வைத்திருந்தான். ஆறிப்போய்.

என் லாகின் மூன்று தடவை தப்பு. பூட்டிக்கொண்டது. நாளைக்குச் சேலத்துக்குப் போன் செய்து திறக்கச் சொல்ல வேண்டுமாம். சனியன்.

ஆறு மணிக்கு பஸ் இறங்கினால் தெருவில் தண்ணீர். எங்கள் தொட்டி வழிந்து, ராசாத்தி வாசல் வழியாக, கோவில் முக்கு வரைக்கும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாறோடு நிற்கிறாள்.

"ஏன் சரசு, இன்னிக்குப் போனே வல்ல?"